அருவிக்குள் ஓர் ஏலம்

என் வீட்டுக்காரருக்கு வேலையே உள்ளி கடிப்பதுதான். யாராவது கேட்டால் நான் அப்படித்தான் சொல்வேன். அவருக்குக் கோபம் வரும். "ஏலக்காரன்னு சொல்லேம்ட்டி" என்பார். சுரண்டை காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் ஏலம் போடுகிறவர் அவர். நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

சின்ன வெங்காயத்தைத்தான் எங்கள் பக்கம் உள்ளி என்போம். விளைவித்த சம்சாரிகள் கொண்டுவந்து கொட்டிய குவியலைச் சுற்றி வியாபாரிகள் நிற்பார்கள். பாதிப்பேர் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு லாரி அனுப்புகிறவர்கள். இவர் குவியலின் நடுவில் முழங்கை வரைக்கும் கையை விட்டு ஓர் உள்ளியை எடுப்பார். மேலே கிடப்பதைத் தொடமாட்டார், அதை எல்லாரும் பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள் என்பார். எடுத்ததைத் தோலோடு முன்பல்லில் வைத்து நறுக்கென்று ஒரே கடி. பாதி வாய்க்குள் போகும், பாதி கையில் நிற்கும். கையில் நிற்கும் பாதியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு, வாயிலிருப்பதை மென்றபடியே முதல் விலையைக் கூவுவார். கடிக்கிற அந்தச் சத்தத்திலேயே சரக்கில் ஈரம் எவ்வளவு, லாரியில் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதெல்லாம் தெரிந்துவிடுமாம். மற்ற கடைகளில் கத்தியால் அறுத்துக் காட்டுவார்கள். இவர் கத்தியைத் தொட்டதில்லை.

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் உள்ளி வாசம்தான். பூ வாங்கிக்கொண்டு வந்தால் பூவும் உள்ளி மணக்கும். "உங்க பக்கத்துல நின்னா சாம்பாருக்குத் தாளிச்ச மாதிரி இருக்கு" என்று நான் சொல்லாத வாரமே கிடையாது. குரலும் அப்படித்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டால் தெருமுனையில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நாங்கள் சண்டை போடுகிறோம் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் சமாதானம் பேச வந்த கதையெல்லாம் உண்டு.

போன வருஷம் மாசி மாதம், உள்ளி வரத்து அதிகமான சமயம். ஒருநாள் மார்க்கெட் முடியும் முன்பே வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சோறு வேண்டாம் என்று கையாட்டினார். என்னவென்று கேட்டுக் கேட்டு நான் கத்தத் தொடங்கிய பிறகுதான் சொன்னார். அன்றைக்கும் வழக்கம்போல் கடித்திருக்கிறார். பாதியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டியிருக்கிறார். எல்லாரும் விலை கேட்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கையை இறக்கிப் பார்த்தால், அறுபட்ட வெள்ளையில் ரத்தம்.

"ஒருத்தனும் ஒண்ணும் சொல்லலட்டி. சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பல் தேய்க்கையில் ரத்தம் வருவது எனக்குத் தெரியும். வாஷ்பேசினில் சிவப்பாகப் பார்த்துவிட்டு, "சுகர் இருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உப்புத்தண்ணீர் கொப்பளித்தால் போதும் என்பார். மேல்வரிசை முன்பல் இரண்டுக்கும் நடுவில் முன்பு இல்லாத ஒரு சந்து விழுந்திருந்தது. இரண்டும் பார்ப்பதற்கு நீளமாகவும் ஆகியிருந்தன. "வயசானா காது வளரும்பாங்கள்லா, எனக்குப் பல்லு வளருது" என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதலில் போன பல் ஆஸ்பத்திரியில் இரண்டு பல்லையும் விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, எடுத்துவிட்டு செட்டுப் பல் வைத்துவிடலாம் என்றார்கள். இவர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "செட்டுப் பல்லால உள்ளியக் கடிச்சா, கடிச்ச உள்ளியோட பல்லும்லா கையோட வரும்! அதையும் சேத்து ஏலம் விடவா?" என்று படி இறங்கும்வரை கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சொந்தப் பல்லோடு குவியல் முன்னால் நிற்க முடியாவிட்டால் இந்த மனுஷன் மார்க்கெட் பக்கமே போகமாட்டார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

யாரோ சொல்லித் தென்காசியில் ஈறுக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். சின்ன வயசுதான். இவரை அண்ணாச்சி என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிட்டாள். பல் வளருகிற கதையை இவர் அங்கேயும் சொன்னார்.

"பல்லு வளரல அண்ணாச்சி. பல்லைப் புடிச்சுக்கிட்டு இருந்த ஈறும் எலும்பும் விட்டுட்டுப் போவுது. அதான் நீளமாத் தெரியுது" என்றாள்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுக்கிறவள் நான். எது அச்சு, எது மை தீர்ந்து விட்டுப்போன இடம் என்று பார்த்ததும் தெரியும். இரண்டு பல்லின் வேரை ஒட்டியும் வெள்ளையாக இருக்கவேண்டிய இடம் கறுத்துப்போய்க் கிடந்தது.

"எலும்பு தட்டையாத் தேஞ்சு போயிருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது. இது குழி மாதிரி விழுந்திருக்கு, சுத்திச் சுவரு நிக்கி. குழின்னா நிரப்பிப் பாக்கலாம்" என்றாள் டாக்டர்.

"நிரப்புனா வந்துருமா?" என்று நான் கேட்டேன்.

"முழுசா வரும்னு சொல்ல மாட்டேன்க்கா. பல்லை நிறுத்துத அளவுக்கு வரலாம். வராமலும் போகலாம். எடுக்கதுன்னா எப்ப வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்லா, அதுக்கு முன்னால ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாப்போம்."

இந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று. ஜவுளிக்கடையில்கூட இப்படி உள்ளதைச் சொல்ல மாட்டார்கள்.

என்ன செய்யப்போகிறாள் என்பதையும் பொறுமையாகச் சொன்னாள். ஈறைத் திறந்து உள்ளே சுத்தம் செய்வது. அந்தக் குழியில் எலும்புப் பொடி வைப்பது. பொடிக்கு மேலே ஒரு மெல்லிய ஜவ்வைப் பரப்பி, ஈறை மூடித் தைத்துவிடுவது. ஜவ்வு எதற்கு என்று கேட்டேன்.

"ஈறு ஓட்டமா ஓடும், எலும்பு நடந்துதான் வரும். விட்டா ஈறு முந்திக்கிட்டுப் போயி அந்தக் குழியை அடைச்சிரும், அப்புறம் எலும்புக்கு இடமே இருக்காது. அதான் நடுவுல ஒரு மறைப்பு. எலும்பு வந்து சேருத வரைக்கும் அது நிக்கணும். பெறவு அதுவாவே கரைஞ்சிரும்."

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த என் வீட்டுக்காரர் அப்போது கேட்டார்: "பொடி எந்த ஊரு சரக்கு டாக்டர்?"

அவள் விழித்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் மனுஷன் விடவில்லை. எலும்பு என்றால் யாருடைய எலும்பு, எங்கிருந்து வருகிறது, தெரியாத சரக்கை எப்படி வாய்க்குள் இறக்குவது என்று நியாயம் பேசினார். மாட்டெலும்பைச் சுத்தப்படுத்திச் செய்வதும் உண்டு, ரசாயனத்தில் செய்வதும் உண்டு என்று அவள் இரண்டு சின்னக் குப்பிகளைக் கொண்டுவந்து காட்டினாள். இவர் ரசாயனக் குப்பியை வாங்கி, உள்ளியைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பரவால்ல, நயஞ் சரக்குதான்" என்றார்.

கிளம்புகிற நேரத்தில் அவள் என்னையும் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். "அக்காவுக்குப் பல்லு இரும்பு மாதிரி இருக்கு" என்றாள். இவர் முகம் சுண்டிப்போயிற்று. "அதுக்கு என்ன, நாள் பூரா அதுக்கு வேலை இருக்குல்லா" என்றார்.

சுகர் இறங்க வேண்டும், முதலில் எல்லாப் பல்லையும் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டதால், கத்தி வைக்க வைகாசிக் கடைசி ஆகிவிட்டது. நான் வெளியே உட்கார்ந்து சுவரில் இருந்த பல் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் மேலுதடு வீங்கி, பாதி முகம் மரத்துப்போய் வெளியே வந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார். டாக்டர் பின்னாலேயே ஓடிவந்து, "சிரிக்கக் கூடாது, உதடு இழுபடக் கூடாது" என்றாள். கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது. சூடும் கடினமும் ஆகாது. மருந்துத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்ப வேண்டும், அதையும் வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, "முக்கியமா, நான் சொல்லுத வரைக்கும் சத்தமாப் பேசக் கூடாது அண்ணாச்சி" என்றாள். அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவர் அதற்கு மட்டும் ஆட்டவில்லை.

முதல் சில நாள் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நான் பேசி முடிக்கும்வரை வீட்டில் யாரும் குறுக்கே பேசவில்லை. காப்பி வேண்டும் என்றால் டம்ளரைக் கரண்டியால் தட்டுவார். வேண்டாம் என்றால் கவிழ்த்து வைப்பார். டிவியில் சத்தம் வைக்கச் சொல்லிக் கை காட்டுவார், நான் சேனலை மாற்றுவேன். "என்னங்க, புரியலியே" என்று அப்பாவியாகக் கேட்பேன். கண்ணை உருட்டுவார், வேறென்ன செய்வார்? குழையவிட்ட கஞ்சியை ஆறவைத்துக் கொடுத்துவிட்டு, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஏலம் போட்டுக் காட்டுவேன்.

அப்புறம் ஒருநாள் காலையில் துணி காயப்போடப் பின்வாசலுக்குப் போனேன். மார்க்கெட்டில் ஏலம் தொடங்குகிற நேரம் அது. இவருக்குப் பதிலாக முதலாளி வேறு ஓர் ஆளை நிறுத்தியிருந்தார். அந்த ஆளுக்குக் குரல் காணாது என்று மைக் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். "பல்லு சரியானதும் வாங்க, அவசரமில்ல" என்று முதலாளி நல்லபடியாகத்தான் சொல்லியிருந்தார். பின்வாசலில் இவர் நான் வந்தது தெரியாமல் பக்கவாட்டில் திரும்பிக் கொய்யா மரத்தைப் பார்த்து நின்றார். வலது கை மெதுவாகத் தலைக்கு மேலே போயிற்று. விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல் குவிந்திருந்தன. வாய் மூடித்தான் இருந்தது. தொண்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கை இறங்கியது. மறுபடி ஏறியது. துணியை அப்படியே வாளியோடு எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஏலம் போட்டுக் கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

தையல் பிரிக்கும் நாளுக்கு முன்பே ஆனிச் சாரல் வந்துவிட்டது. குற்றாலத்தில் முதல் நல்ல தண்ணீர் விழுந்தது என்று தெரிந்ததும் மார்க்கெட்காரர்கள் குடும்பம் குடும்பமாக வேன் பிடித்துப் போவது வருஷா வருஷம் நடக்கிறது. இந்தத் தடவை நாம் போக வேண்டாம் என்றேன். இவர் கையெடுத்துக் கும்பிட்டார். குளிக்க மாட்டேன், துணிக்குக் காவல் இருக்கிறேன், சாரலில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று சைகையிலேயே அத்தனையும் சொன்னார். வீட்டில் அடைந்துகிடந்து முகமே வாடிப்போயிருந்தது. சாரல் பட்டால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நானும் சரி என்றேன்.

மெயின் அருவியில் அன்று கூட்டமான கூட்டம். எண்ணெய் தேய்க்கிறவர் ஒருத்தர் இவரைக் கண்டதும், "வாங்க அண்ணாச்சி, எப்பவும் நம்மகிட்டத்தானே தேய்ப்பீய" என்று கூப்பிட்டார். இவர் வாயைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். எனக்கு அதைப் பார்த்ததும் தெம்பு வந்துவிட்டது. துணிமூட்டை, பழப்பை, செருப்பு எல்லாவற்றையும் அவர் பக்கத்தில் குவித்துவிட்டு, "எந்திரிக்கப்படாது என்ன?" என்று சொல்லிவிட்டு மற்றப் பெண்களோடு பெண்கள் குளிக்கிற பக்கம் போனேன். அங்கே ஆண்களுக்குத் தனியிடம், பெண்களுக்குத் தனியிடம். இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது.

அருவிக்குள் முதுகைக் கொடுத்து நின்றால் உலகமே அந்தச் சத்தம்தான். பிடரியில் தண்ணீர் விழ விழ எல்லாரும் கத்துகிறார்கள். வீட்டில் வாயைத் திறக்காத மருமகள்கள்கூட அங்கே கத்துகிறார்கள். நானும் கத்தினேன். நாலு மாதமாகப் பட்ட கவலையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை.

ஈரத் தலையோடு திரும்பி வந்தால் துணிமூட்டைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. ஒரு குரங்கு எங்கள் பழப்பையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை விரட்டக்கூடத் தோன்றாமல் ஆண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டத்துக்குள்ளிருந்து இவர் வந்தார். வேட்டி சட்டையோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். துண்டை வாயில் பொத்தியிருந்தார். கிட்டே வந்ததும் துண்டை எடுத்துப் பார்த்தேன், ரோஸ் நிறத்தில் ஊறியிருந்தது. அதில் மணல்போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. குப்பியில் பார்த்த அந்தப் பொடி.

ஆட்டோ பிடித்துத் தென்காசிக்குப் போகிற வழியெல்லாம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். டாக்டர் முன்னால் வைத்து அத்தனையையும் கொட்டிவிடுவது என்று இருந்தேன்.

டாக்டர் விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தாள். வலதுபக்கப் பல்லுக்கு மேலே தையல் அறுந்து ஈறு திறந்துகிடக்கிறது, உள்ளே வைத்த ஜவ்வு வெளியே தெரிகிறது என்றாள். இடதுபக்கம் இன்னும் மூடித்தான் இருக்கிறது. "என்ன செஞ்சீய அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவள் குரலிலும் கோபம் இருந்தது.

இவர் பஞ்சைக் கடித்தபடி, மெதுவாகச் சொன்னார். "அருவிக்குள்ள நின்னு ஒரு குவியல ஏலம் போட்டுட்டேன் டாக்டர்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. இவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அங்கன நின்னாத்தான் யாருக்கும் கேக்காது. ஊருல எங்க நின்னு சத்தம் போட்டாலும் இவளுக்குத் தெரிஞ்சிரும். குரல் இருக்கா போயிருச்சான்னு பாக்கணும்னு தோணிச்சு. முதல் விலையோட நிறுத்திருவோம்னுதான் நெனச்சேன். விலை ஏற ஏற நிறுத்த முடியல."

டாக்டர் விளக்கைத் தள்ளி வைத்தாள். பிறகு, "ஏலத்த யாரு எடுத்தா?" என்று கேட்டாள்.

"யாருக்குக் கேட்டுது, எடுக்கதுக்கு" என்றார்.

நான் அடுக்கி வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. அதே தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்று நானும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். அவருடைய ஈரத் தலையை மூட்டையிலிருந்த காய்ந்த துண்டால் துவட்டிவிட்டேன். டாக்டரும் திட்டவில்லை. "போனது போவட்டும், இருக்கதக் காப்பாத்துவோம்" என்று கையுறையை மாட்டிக்கொண்டாள். கழுவி, மறுபடி தைத்து அனுப்பினாள்.

அதன்பிறகு நல்ல பிள்ளையாக இருந்தார். மெதுவாகப் பேசலாம் என்று அனுமதி கிடைத்த பிறகும், குவியல் முன்னால் நிற்கமாட்டேன் என்று கடையில் எடை எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புதிதாக வந்த மைக்காரர் ஏலம் போடும்போது இவர் தலையைத் தூக்கவே மாட்டாராம். ஆவணி, புரட்டாசி என்று மாதங்கள் போயின. நடந்து வருகிற எலும்பு எதுவரை வந்தது என்று கேட்க இடைக்கிடை தென்காசிக்குப் போவோம். இன்னும் கொஞ்சம் பொறுங்க என்பாள் டாக்டர்.

மார்கழியில் எக்ஸ்ரே எடுத்தாள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவள் சொல்வதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். இடதுபக்க வேரை ஒட்டிக் கறுத்துக்கிடந்த இடத்தில் மங்கலாக வெள்ளை விழுந்திருந்தது. முழுசாக இல்லை, ஆனால் இருந்தது. வலதுபக்கம் அப்படியே கறுப்பு.

"இது நின்னுரும்" என்று இடதைத் தொட்டுக் காட்டினாள். "அது நிக்காது."

"நான் அருவிக்குப் போனதுனாலதானே?" என்றார் இவர்.

"போயிருக்கக் கூடாது, அது சரிதான். ஆனா போகாம இருந்திருந்தா அது நின்னிருக்குமான்னு கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அதுல சுவரு முதல்லயே கம்மி."

அவர் அதை நம்பினாரோ இல்லையோ, அவள் அப்படிச் சொன்னதற்காக அவளுக்கு எத்தனை கோயிலில் வேண்டுமானாலும் விளக்குப் போடலாம் என்றிருந்தது எனக்கு.

வலதுபக்கப் பல்லை எடுத்தாள். எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. வேரை அறுத்துத் தள்ளிவிட்டு, மேல்பாதியைச் சுத்தம் செய்து, அது இருந்த இடத்திலேயே வைத்து, இரண்டு பக்கத்துப் பற்களோடும் உள்பக்கமாகக் கண்ணாடி இழை மாதிரி ஒரு நாரால் ஒட்டிவிட்டாள். வெளியே பார்த்தால் அவருடைய பழைய பல் வரிசைதான். கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்க்க முதல் தடவையாக அனுமதி கொடுத்தாள். இவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது சிரிக்கதுக்கும் பேசுததுக்கும்தான். முன்பல்லால எதையும் கடிக்கக் கூடாது. பக்கத்துல இருக்கதும் இப்பத்தான் காலூனி நிக்கி, அதையும் சேத்துப் பாக்கணும். உள்ளிய மறந்துருங்க அண்ணாச்சி" என்றாள்.

"ஏலம்?"

"தாராளமாப் போடுங்க."

தை கழிந்து மறுபடி உள்ளி வரத்து தொடங்கியது. அவர் ஏலத்துக்குத் திரும்புகிற அன்று, ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு நானும் மார்க்கெட்டுக்குப் போனேன். "நீ எதுக்கு?" என்றார். "உங்க கை மேல எனக்கு நம்பிக்கை இல்ல. பழக்கத்துல வாய்க்குப் போயிரும்" என்றேன். சாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில், தராசை ஒட்டி நின்றுகொண்டேன். சுற்றிலும் ஆண்கள்தான். மைக்காரர் மைக்கை அணைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

இவர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குவியலுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். ஓர் உள்ளியை எடுத்தார். கை நேராக வாய்க்குப் போயிற்று.

"என்னங்க" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது. உள்ளி உதட்டைத் தொட்டபடி நின்றது. வியாபாரிகள் ஒருத்தரும் அசையவில்லை. போன வருஷம் ரத்தம் பார்த்தவர்கள்தான் எல்லாரும். யாரோ ஒருத்தர் மடியிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார். இவர் அந்தக் கத்தியைப் பார்த்தார். பிறகு குவியலுக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இங்கன வா" என்றார்.

"நானா?"

"வாட்டி."

அத்தனை ஆண்களுக்கு நடுவில், சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, குவியலைச் சுற்றி நடந்து போனேன். உடம்பெல்லாம் கூசியது. கிட்டே போனதும் உள்ளியை என் வாய்க்கு நேராக நீட்டினார். "கடி" என்றார்.

பச்சை உள்ளியை, அதுவும் தோலோடு, நான் வாயில் வைத்ததே இல்லை. அந்த வாசத்துக்காக இந்த மனுஷனை எவ்வளவு பேசியிருக்கிறேன். அவர் கையைப் பார்த்தேன். நீட்டியது நீட்டியபடியே நின்றது. முன்பல்லை வைத்து ஒரே கடியாகக் கடித்தேன். நறுக்கென்றது. மார்க்கெட் முழுக்கக் கேட்டிருக்கும்.

"எப்படி இருக்கு?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

வாயும் மூக்கும் காந்தின. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "அக்கா அழுதுட்டா, சரக்கு நல்ல சரக்குதான்" என்று ஒரு வியாபாரி சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. கையில் நின்ற பாதியைத் தலைக்கு மேலே தூக்கினார். வெள்ளை வெளேரென்றிருந்தது.

முதல் விலை கூவினார். பழைய குரல்தான். ஓரிடத்தில் மட்டும் காற்று கொஞ்சம் சீறிக்கொண்டு போயிற்று, யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருத்தர் ஏற்றிக் கேட்டார், இன்னொருத்தர் அதற்கு மேலே கேட்டார். இவர் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. நான் கண்ணைத் துடைக்கவும் இல்லை, வாயிலிருந்த பாதியைத் துப்பவும் இல்லை. மூன்றாம் தரம் சொல்லி முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே மென்றுகொண்டு நின்றேன்.